150 டாலர் கொடுத்தவர் பெயர் தெரியும்; 6 கோடி டாலர் கொடுத்தது யார்? அமெரிக்க மாநிலத் தேர்தல்களின் நன்கொடைக் கணக்கும் அதிலுள்ள ஓட்டையும்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவருக்கு நீங்கள் 150 டாலர் நன்கொடை கொடுத்தால் உங்கள் பெயர், முகவரி, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்ற விவரம் எல்லாம் அரசின் இணையதளத்தில் ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கூட தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஓஹியோவில் ஒரு மின்சார நிறுவனம், தனக்கு வேண்டியவர் சபாநாயகராக வேண்டும், தனக்கு வேண்டிய சட்டம் நிறைவேற வேண்டும் என்று சுமார் 6 கோடி டாலரை இறக்கியது. அந்தப் பணத்தில் விளம்பரம் ஓடியது, வேட்பாளர்கள் ஜெயித்தார்கள், சட்டமும் வந்தது. ஆனால், மூன்று வருடத்துக்கும் மேலாக வாக்காளர் பார்க்கக்கூடிய எந்தத் தேர்தல் கணக்கிலும் அந்த நிறுவனத்தின் பெயர் இந்தப் பணத்துக்கு நேராக எழுதப்படவில்லை.

சின்னத் தொகை வெளிச்சத்தில், பெரிய தொகை இருட்டில். இது எப்படிச் சாத்தியம்? அமெரிக்க மாநிலத் தேர்தல்களில் நன்கொடை விவரங்களை வெளியிடும் முறை எப்படி வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பார்ப்போம்.

மாநில சட்டமன்றத்துக்கு ஏன் இவ்வளவு காசு?

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் கண் வெள்ளை மாளிகை மீதுதான் போகும். ஆனால், ஓர் அமெரிக்கரின் அன்றாட வாழ்க்கையைத் தொடும் பல சட்டங்கள் மாநில அளவில்தான் உருவாகின்றன. மின் கட்டண விதிகள், பள்ளிக்கூட நிதி, காப்பீட்டு விதிகள், தொகுதி எல்லைகள் என்று பட்டியல் நீளம்.

நெப்ராஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் இரண்டு அவைகள் உண்டு. ஓஹியோவில் கீழவைக்கு 99 பேர், மேலவைக்கு 33 பேர். அதிபர் தேர்தலோடு ஒப்பிட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கட்சிக்குள் வேட்பாளரை முடிவு செய்யும் 'பிரைமரி' தேர்தலில் ஓட்டுப்போட வருபவர்களும் கொஞ்சம் பேர்தான். அங்கே சில லட்சம் டாலர் செலவழித்தால் முடிவையே திருப்பிவிடலாம். லாபம் தேடும் நிறுவனத்துக்கு இது நல்ல முதலீடாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

'பேக்' என்றால் என்ன?

அமெரிக்காவில் வேட்பாளர் நேரடியாக வாங்கும் பணம் ஒரு வழி. இன்னொரு வழி, 'பேக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசியல் செயல் குழு. ஒத்த கருத்துள்ளவர்கள், ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள், ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் சேர்ந்து பணம் போட்டு, பிடித்த வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு இது.

தேசியத் தேர்தல்களுக்கான விதிகளை மத்தியத் தேர்தல் ஆணையம் பார்த்துக்கொள்கிறது. மாநில சட்டமன்றத் தேர்தலுக்கு அந்தந்த மாநிலமே விதி எழுதும். டெக்சாஸிலும் வர்ஜீனியாவிலும் சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஓஹியோவில் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் தடை உண்டு.

வரம்பு விஷயத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், ஓர் அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான். வேட்பாளரும் குழுவும் கணக்குக் காட்ட வேண்டும். யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்குச் செலவு செய்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வரும்.

கணக்கு எப்போது வரும்?

பெயர் எவ்வளவு முக்கியமோ, தேதியும் அவ்வளவு முக்கியம். ஓட்டுப்போட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஓஹியோவில் தேர்தலுக்கு 12 நாள் முன்பு ஓர் அறிக்கை, தேர்தல் முடிந்து 38-வது நாளில் இன்னொன்று. விளம்பரங்கள் அனல் பறக்கும் கடைசி இரண்டு வாரத்தின் முழுக் கணக்கு, ஜெயித்தவர் யார் என்று தெரிந்த பிறகுதான் கைக்கு வரும்.

கலிஃபோர்னியா இதில் கறார். அங்கே தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 1974-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த சட்டத்தின் அடித்தளத்தில் உருவான ஏற்பாடு இது. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் ஆட்சியே ஆடிக்கொண்டிருந்த காலம் அது.

ஓஹியோவில் நடந்தது என்ன?

இப்போது அந்த 6 கோடி டாலர் கதைக்கு வருவோம்.

ஃபர்ஸ்ட்எனர்ஜி ஓஹியோவின் பெரிய மின்சார நிறுவனங்களில் ஒன்று. ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பெர்ரி, டேவிஸ்-பெஸ்ஸி என்ற இரண்டு அணுமின் நிலையங்களை அதன் துணை நிறுவனம் நடத்தியது. இயற்கை எரிவாயு மலிவானதும் அணுமின்சாரம் சந்தையில் போட்டி போட முடியாமல் திணறியது. அரசு கை கொடுத்தால்தான் தப்பிக்க முடியும் என்ற நிலை.

லாரி ஹவுஸ்ஹோல்டர் ஏற்கெனவே ஓஹியோ சபாநாயகராக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர். மறுபடியும் அந்த நாற்காலிக்கு வர நினைத்தார். 2017 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்பு விழாவையொட்டி ஃபர்ஸ்ட்எனர்ஜியின் விமானத்தில் வாஷிங்டன் போனார். அதற்கடுத்த மாதம் 'ஜெனரேஷன் நவ்' என்ற அமைப்பு உருவானது. மார்ச்சிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2.5 லட்சம் டாலர் அதன் கணக்கில் வந்து விழுந்தது. அனுப்பியது ஃபர்ஸ்ட்எனர்ஜி.

காகிதத்தில் 'ஜெனரேஷன் நவ்' ஒரு சமூக நல அமைப்பு. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501சி4 என்ற பிரிவின்கீழ் வருவது. உண்மையில் அதன் கடிவாளம் ஹவுஸ்ஹோல்டர் கையில் இருந்தது என்பது பிற்பாடு நீதிமன்றத்தில் நிரூபணமானது.

2018 தேர்தலில் அவர் தன் ஆதரவாளர்களைப் பல தொகுதிகளில் நிறுத்தினார். 'டீம் ஹவுஸ்ஹோல்டர்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களுக்காக ஓடிய விளம்பரங்களுக்கு 'ஜெனரேஷன் நவ்' பணம் கொடுத்தது. அதில் ஒரு பகுதி இன்னொரு அரசியல் செயல் குழு வழியாகப் போனது. அந்தக் குழுவின் கணக்கில் நன்கொடையாளர் என்ற இடத்தில் இருந்த பெயர் 'ஜெனரேஷன் நவ்'. அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை.

2019 ஜனவரி 7-ம் தேதி 52-46 என்ற வாக்குக் கணக்கில் ஹவுஸ்ஹோல்டர் சபாநாயகரானார். ஏப்ரலில் 'ஹவுஸ் பில் 6' அறிமுகமானது. ஜூலை 23-ல் நிறைவேறி, அன்றே ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்தும் போட்டார். மொத்த மதிப்பு சுமார் 130 கோடி டாலர். இரண்டு அணுமின் நிலையங்களுக்கும் ஆண்டுக்கு 15 கோடி டாலர் உதவி. அந்தப் பணம் அரசு கஜானாவிலிருந்து வராது, மக்களின் கரன்ட் பில்லில் கூடுதல் கட்டணமாக ஏறும். போதாக்குறைக்கு, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் இவ்வளவு வாங்க வேண்டும் என்றிருந்த இலக்கையும் அந்தச் சட்டம் குறைத்தது.

எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கி, சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதைத் தடுக்கவும் இதே பணம் பாய்ந்தது. சீன அரசு உங்கள் மின் கட்டமைப்பைப் பிடிக்கப் பார்க்கிறது, கையெழுத்துப் போடாதீர்கள் என்ற தொனியில் விளம்பரங்கள் வந்தன. தேவையான கையெழுத்துகள் சேரவில்லை. வாக்கெடுப்பு முயற்சி அதோடு முடிந்தது.

யார் கண்டுபிடித்தது?

நன்கொடைக் கணக்கு காட்டிக்கொடுக்கவில்லை. எஃப்.பி.ஐ. ரகசியமாகப் பதிவு செய்த உரையாடல்கள், வங்கி ஆவணங்கள், குறுஞ்செய்திகள்தான் வழக்கைக் கட்டி எழுப்பின. 2020 ஜூலை 21-ம் தேதி ஹவுஸ்ஹோல்டர் கைதானார். அந்தப் பணத்தில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்தார், ஃபுளோரிடா வீட்டைப் பழுதுபார்த்தார், ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டார் என்று அரசுத் தரப்பு எடுத்து வைத்தது.

2021 ஜூனில் சக உறுப்பினர்களே அவரை அவையிலிருந்து நீக்கினார்கள். 2023 மார்ச்சில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஜூன் மாதம் 20 ஆண்டு சிறை. மாநில குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவர் மேட் போர்ஜஸுக்கு 5 ஆண்டு.

ஃபர்ஸ்ட்எனர்ஜி 2021 ஜூலையில் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 23 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக நிறுவனமே ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: பொதுப் பதவியில் இருப்பவர்களுக்காகக் கொடுத்த பணத்தை மறைக்கும் கருவியாக 501சி4 அமைப்புகளைப் பயன்படுத்தினோம் என்பதுதான் அது.

அணுமின் கூடுதல் கட்டணம் 2021 ஜனவரியில் வசூலாகத் தொடங்க வேண்டியது. சில நாள் முன்பு நீதிமன்றம் நிறுத்தியது, பிறகு சட்டமன்றமே அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஆனால், அதே சட்டத்தில் இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்கும் மானியம் இருந்தது. அதில் ஒன்று பக்கத்து மாநிலமான இண்டியானாவில் இருக்கிறது. அந்த மானியத்தை நிறுத்தும் சட்டம் 2025-ல்தான் வந்தது. ஆள் ஜெயிலுக்குப் போன பிறகும் பில் வந்துகொண்டே இருந்தது என்று அர்த்தம்.

ஓட்டை எங்கே?

இங்கே 'டார்க் மணி' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் சொல்லும் கறுப்புப் பணம் வேறு, இது வேறு. கறுப்புப் பணம் வரி கட்டாத, கணக்கில் வராத பணம். டார்க் மணிக்கு வங்கிக் கணக்கு, காசோலை எல்லாம் உண்டு. கொடுத்தவர் யார் என்பது மட்டும் வெளியே தெரியாது. அப்படி மறைப்பது பல நேரங்களில் சட்டப்படி சரியும்கூட. ஓஹியோவில் குற்றமானது, பணத்துக்குப் பதிலாகச் சட்டம் என்ற பேரம்தான்.

சிம்பிளாகச் சொன்னால், நன்கொடைக் கணக்கு கேட்பது 'கடைசியாக யார் கையிலிருந்து வாங்கினாய்?' என்ற கேள்வியை. 'முதலில் இது யாருடைய பணம்?' என்று அது கேட்பதில்லை. நிறுவனத்துக்கும் வேட்பாளருக்கும் நடுவில் ஒரு சமூக நல அமைப்பு வந்தால் பாதை அங்கேயே அறுந்துவிடும். 501சி4 அமைப்பு தன் நன்கொடையாளர் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2020-ல் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, ஆண்டுக் கணக்கில் வருமான வரித் துறைக்கும் அந்தப் பெயர்களைத் தர வேண்டியதில்லை.

2010-ல் வந்த 'சிட்டிஸன்ஸ் யுனைடெட்' தீர்ப்பு இந்த வழியை அகலமாக்கியது. வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செலவழிக்கும்வரை, நிறுவனங்களும் சங்கங்களும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. பலரும் மறந்துவிடும் இன்னொரு பாதி அதே தீர்ப்பில் இருக்கிறது. செலவழிப்பவர் யார் என்று வெளியிடச் சொல்லும் விதிகளை 8-1 என்ற கணக்கில் நீதிமன்றம் ஆதரித்தது. தகவல் உடனுக்குடன் இணையத்தில் கிடைத்தால் மக்களே முடிவு செய்துகொள்வார்கள் என்பது அதன் எதிர்பார்ப்பு. செலவுக்கான கதவு திறந்துவிட்டது, தகவலுக்கான கதவு பாதிதான் திறந்தது.

'பெயரைச் சொல்ல மாட்டோம்' என்பவர்கள் சொல்வது என்ன?

மறைக்க நினைப்பவர் எல்லாம் திருடர் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க வரலாற்றில் அதற்கு வலுவான உதாரணம் இருக்கிறது.

1950-களில் அலபாமா மாநில அரசு, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் வெளியே போனால் அவர்களின் வேலையும் போகும், உயிருக்கும் ஆபத்து. கொடுக்க வேண்டியதில்லை என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐ.டி. துறையினருக்கு நினைவிருக்கும் இன்னொரு சம்பவம். ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக், 2008-ல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தார். பொதுக் கணக்கில் இருந்த அந்த விவரம் பெரிய சர்ச்சையாகி, 2014-ல் மோஸில்லாவின் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து அவர் சில நாட்களிலேயே விலக வேண்டியதாயிற்று. அவர் கருத்தை ஏற்பவர், எதிர்ப்பவர் என இரு தரப்பும் கேட்க வேண்டிய கேள்வி: சாதாரண மனிதர் கொடுக்கும் சின்னத் தொகைக்கும் இவ்வளவு வெளிச்சம் தேவையா?

வெளியிட வேண்டும் என்ற தரப்புக்கு 1976-ன் 'பக்லி' தீர்ப்பு மூன்று காரணங்களைத் தருகிறது. வேட்பாளர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று வாக்காளருக்குத் தெரியும். லஞ்சம் கொடுக்க நினைப்பவருக்குப் பயம் வரும். நன்கொடை வரம்பை மீறுபவரைப் பிடிக்க ஆதாரம் கிடைக்கும்.

இரண்டு தரப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓஹியோவின் முரண் புரியும். பாதுகாப்பு தேவைப்படுகிற 150 டாலர்காரருக்கு மறைவு இல்லை. கேள்வி கேட்கப்பட வேண்டிய 6 கோடி டாலருக்கு மறைவு தாராளமாகக் கிடைத்தது.

அரிசோனா கண்டுபிடித்த வழி

2022 நவம்பரில் அரிசோனா மக்கள் 'புரபசிஷன் 211' என்ற சட்டத்துக்கு ஓட்டுப்போட்டார்கள். சுமார் 72 சதவிகிதம் பேர் ஆதரவு. கட்சி பிரிந்து மோதும் ஒரு மாநிலத்தில் இது சாதாரண எண் இல்லை.

அந்தச் சட்டம் 'மூல நன்கொடையாளர்' யார் என்று கேட்கிறது. மாநிலம் தழுவிய தேர்தலில் 50,000 டாலருக்கு மேல், மற்ற தேர்தல்களில் 25,000 டாலருக்கு மேல் பிரசார விளம்பரத்துக்குச் செலவழிக்கும் அமைப்பு, தனக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் நடுவில் எத்தனை கை மாறியிருந்தாலும் அதை முதன்முதலில் சம்பாதித்தவர் வரை போக வேண்டும்.

தனிமனித உரிமைக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் பணத்தைத் தேர்தலுக்குப் பயன்படுத்தப் போகிறோம், பெயர் வெளியாகலாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மறுக்க 21 நாள் அவகாசம். சின்னத் தொகை கொடுப்பவர் வரம்புக்குள்ளேயே வரமாட்டார். இந்தச் சட்டத்தை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன. ஆனாலும், கடைசிக் கையைக் கேட்பதற்குப் பதில் முதல் கையைக் கேட்க முடியும், அதைச் சட்டமாக எழுதவும் முடியும் என்று அரிசோனா காட்டிவிட்டது.

இந்தியாவில் பார்த்த அதே சிக்கல்

தேர்தல் பத்திரம் விவகாரத்தைக் கவனித்தவர்களுக்கு இது பழக்கமான கதைதான். 2024 பிப்ரவரி 15-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தபோது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையையே காரணமாகச் சொன்னது. மார்ச் 14-ல் முதலில் வெளியானவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றில் வாங்கியவர்கள், மற்றொன்றில் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று பொருத்த முடியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பத்திர எண்கள் வந்த பிறகுதான் இரண்டையும் இணைக்க முடிந்தது. கொடுத்தவர், வாங்கியவர் என்ற இரண்டு முனையும் சேராத கணக்கு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிக் கணக்குதான்.

ஒரு நன்கொடைக் கணக்கை எப்படிப் படிப்பது?

எந்த ஊர்த் தேர்தலாக இருந்தாலும் இந்த 4 கேள்விகள் உதவும்.

1. இந்தப் பெயருக்குச் சொந்தமாக வருமானம் உண்டா? தொழிலோ சம்பளமோ இல்லாத அமைப்பு லட்சக்கணக்கில் கொடுத்தால், அதற்குக் கொடுத்தவர் வேறு யாரோ இருக்கிறார்.

2. அந்த அமைப்பு எப்போது தொடங்கியது? தேர்தலுக்குச் சற்று முன்பு பிறந்து, பொத்தாம்பொதுவான நல்ல பெயரோடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

3. பணம் எந்தத் தேதியில் வந்தது? பிரசாரத்தின் கடைசி நாட்களிலா, ஒரு மசோதா அவைக்கு வருவதற்குச் சற்று முன்பா?

4. ஜெயித்தவர் முதலில் கொண்டுவந்த சட்டம் எது, அதனால் யாருக்கு லாபம்?

நான்காவது கேள்விக்கான பதிலை 2019 ஜூலையிலேயே ஓஹியோ மக்கள் கண்ணால் பார்த்தார்கள். லாபம் யாருக்கு என்று சட்டத்திலேயே தெரிந்தது. ஆனால், அந்த லாபத்தையும் ஓராண்டுக்கு முந்தைய தேர்தல் விளம்பரங்களையும் இணைக்கும் அந்த ஒரு பெயர்தான் கணக்கில் இல்லை. அது இருந்திருந்தால் சட்டம் நிறைவேறியிருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஓட்டுப்போட்டவர்களும் அவையில் கை தூக்கிய உறுப்பினர்களும் தெரிந்தே முடிவெடுத்திருப்பார்கள். நன்கொடைக் கணக்கை வெளியிடச் சொல்வதே அதற்காகத்தான்.